பனி பெய்வது நல்லதாம்!

அன்புள்ள சுந்தரி,

நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து ஊற்றுவதிலேயே பொழுது போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லா அதிகாரமும் ஒரே ஆள் கையில் இருந்தால்தான் போரில் ஜெயிக்கலாம் என்று நீயும் உன் அண்ணனும் போனில் அடித்துப் பேசினீர்களே, அது மனதை விட்டுப் போகவே இல்லை. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி கிரீஸில் செய்ததைக் கேள்.

ஹிட்லர் தன்னிடம் சொல்லாமல் ருமேனியாவுக்குள் படை அனுப்பிவிட்டார் என்று அவருக்கு ஆத்திரம். நான் கிரீஸைப் பிடித்ததை அவர் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று மருமகன் சியானோவிடம் சொன்னார். 1940 அக்டோபர் 15இல் கூட்டம் போட்டு முடிவெடுத்தார். கடற்படைத் தலைவரும் விமானப்படைத் தலைவரும் அதில் இல்லை. 28ஆம் தேதி படையெடுப்பு. லட்சக்கணக்கான வீரர்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவரே உத்தரவு போட்டிருந்தார்! அதுவும் மழைக்காலம், கிரீஸின் பிந்துஸ் மலைப்பாதை முழுக்கச் சேறு. நவம்பர் 22இல், இத்தாலி பிடித்து வைத்திருந்த அல்பேனியாவின் கொர்ச்சா நகரமே கிரேக்கர் கையில்.

கிரீஸை ஆண்ட மெட்டாக்சாஸும் சர்வாதிகாரிதானே என்பாய். ஆமாம், ஆனால் அவர் படையை நடத்தும் வேலையைத் தளபதி பாபாகோஸிடம் விட்டார். இத்தாலியிலோ தலைமைத் தளபதி பதோலியோவுக்கே இந்தப் போரில் நம்பிக்கையில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. தோற்றதும் அவர் பதவிதான் போனது.

சுந்தரி, எனக்கு வயிறு எரிவது இதற்கெல்லாம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ரோமில் பனி பெய்கிறது. ஜன்னல் வழியே பார்த்த முசோலினிக்கு ஒரே சந்தோஷம். இந்தக் குளிர் நல்லது, நம் உதவாக்கரை ஜனங்கள் இதில் தேறிவிடுவார்கள் என்கிறார். சியானோ அன்றே டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குளிரில் அல்பேனிய மலையில் நின்ற பையன்களுக்குப் பூட்சுக்குள்ளேயே கால் உறைந்து விரல்கள் கறுத்து அழுகின. அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் 12,000 பேருக்கு மேல். யார் பெற்ற பிள்ளைகளோ!

1941 மார்ச்சில் முசோலினியே நேரில் போய் நின்று தாக்கச் சொன்னார். அப்போதும் கிரேக்கரை நகர்த்த முடியவில்லை. ஏப்ரலில் ஜெர்மன் படை வந்த பிறகுதான் கிரீஸ் விழுந்தது. யாருக்குக் காட்டப் போரைத் தொடங்கினாரோ அவரிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று.

இதற்கு உன் அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது. கோமதி வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடு. மீதிச் சண்டையை அங்கே போட்டுக்கொள்வோம்.

அன்புடன்,
வசந்தா