கால் காக்கும் செல் ஊசி: பதிவு எண்ணைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுகரால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல்) ஊசி போட்டுக் காலைக் காப்பாற்றலாம் என்று உங்கள் இதழில் வந்த செய்தியைப் பலர் கத்தரித்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறார்கள். பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த செல், யாருக்குப் போடுவது, யார் அனுமதித்தது என்ற விவரம் ஒன்றுகூட அதில் இல்லையே!

என் தாய்மாமா தக்காளி விவசாயி. பல வருஷமாகச் சுகர், போதாததற்குப் பீடி. நாலு வரப்பு நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார். அப்புறம் ராத்திரியில் படுத்தாலே வலி. கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால்தான் தூக்கம் வரும் என்ற நிலை. சுண்டுவிரல் கறுத்த பிறகு, யாரோ சொன்னார்கள் என்று வெளியூரில் ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். வயிற்றுக் கொழுப்பை எடுத்து, அதிலிருந்து செல்லைப் பிரித்து, அன்றைக்கே காலில் ஊசி போட்டுவிடுவார்களாம். பணத்தில் பாதியை முன்னாடியே கட்ட வேண்டும்.

இது அனுமதி பெற்ற மருந்தா, ஆராய்ச்சியா என்று கேட்டேன். எல்லாம் ரூல்ஸ்படிதான் என்றார்கள். சரி, ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. என்கிற அரசுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கொடுங்கள் என்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் உள்ளே போய், தள்ளுபடி போட்ட புதுச் சீட்டோடு திரும்பி வந்தார். “மண்டித் தக்காளி மாதிரி கேட்டதுமே விலை இறங்குதே மாப்ள” என்று மாமா எழுந்துவிட்டார்.

நம் நாட்டில் மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளை அந்தப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆராய்ச்சியாகத்தான் செய்யலாம். ஆராய்ச்சியில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது.

அனுமதி பெற்றது ஒன்றும் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் பெங்களூருவில் உருவான ஸ்டெம்பியூசெல். ஆரோக்கியமானவர்கள் தானம் தந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்கள் அவை. கெண்டைக்கால் தசையில் பல இடங்களில் ஊசியாகப் போடுவார்கள். அந்த செல்களே ரத்தக்குழாயாக மாறிவிடுவதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் பக்கத்தில் சிறு குழாய்கள் கிளைக்கத் தூண்டுகின்றன. ரத்த ஓட்டம் மிகவும் குறைந்துபோன கால்களுக்கு 2020ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி இதற்கு அனுமதி கொடுத்தார். கொழுப்பிலிருந்து எடுத்து அன்றைக்கே போடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

எல்லா செல்லும் பலன் தரும் என்றும் சொல்வதற்கில்லை. 2002ல் ஜப்பானியர்கள் நோயாளியின் சொந்த மஜ்ஜை செல்லைக் கெண்டைக்காலில் போட்டு நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். நெதர்லாந்தில் 160 பேரிடம் மஜ்ஜை செல்லைத் தொடை ரத்தக்குழாய் வழியே செலுத்திப் பார்த்து, 2015ல் முடிவை வெளியிட்டார்கள். செல் பெற்றவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஊசி பெற்றவர்களுக்கும் கால் இழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இதையும் சேர்த்துப் போட்டால்தானே செய்தி முழுமையாகும்?

மாமாவுக்குக் கடைசியில் ரத்தக்குழாய் சர்ஜன் ஒருவர் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்து, பலூன் வைத்து அடைப்பை நீக்கினார். சுண்டுவிரல் போனது, பாதம் தப்பியது. பலூனோ பைபாஸோ முடியுமா என்று பார்க்காமலேயே செல் ஊசி பேசுகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். சுகரும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கே வருகிறவர்கள், பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி துடிக்கிறதா என்றும் பார்த்தால், மாமாவைப் போன்றவர்களை விரல் கறுப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். சுகாதாரத் துறை யோசிக்கட்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்த மாதிரிச் செய்தி போடும்போது மருந்தின் பெயர், அனுமதி விவரம், ஆராய்ச்சி என்றால் பதிவு எண் எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு கட்டத்தில் போடுங்கள். விளம்பரப் பகுதிக்கும் இதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் செய்தி வந்த வாரமே, உள்பக்கத்தில் ‘ஆபரேஷன் இல்லாமல் கால் பிழைக்கும்’ என்று ஒரு விளம்பரமும் வந்திருந்தது. அதில் போன் நம்பர் மட்டும்தான் இருந்தது.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்