கொப்பியை மூட வேண்டாம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மகனுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முழங்கால் வலி வழமைபோலத்தான். அதைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தை எடுக்கவில்லை.

நீ சென்ற வாரம் சந்திக் கடை முதலாளியின் வங்கிக் கணக்குக்கு 50,000 ரூபாய் அனுப்பி, அம்மாவின் பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை முற்பணமாக வைத்திருக்கும்படியும், இனிமேல் கடன் எழுதும் கொப்பி வேண்டாம் என்றும் சொன்னாய் என்பதை, அவர் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் அறிந்தேன். கடையைப் பூட்டிவிட்டு இருட்டிய பிறகு வந்தவர், உள்ளே வரச் சொல்லியும் வராமல் படலையடியிலேயே நின்றுகொண்டு, "ரீச்சர், சாமானில் ஏதும் குறை இருந்ததா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கணக்கை ஒரேயடியாக முடித்துக்கொள்பவர்கள் ஊரை விட்டுப் போகிறவர்களாகவோ, மனம் கசந்து வேறு கடைக்குப் போகிறவர்களாகவோதான் இருப்பார்கள் என்பது அவருடைய அனுபவம். நான் கடன்பட்டிருப்பது உனக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். உன் எண்ணம் நல்லதுதான். ஆனாலும், அந்தக் கொப்பி என்னவென்று உனக்கு நான் ஒருநாளும் விளக்கிச் சொல்லாதது என் பிழை.

கொப்பிகள் இரண்டு. ஒன்று அவருடைய மேசை லாச்சிக்குள்ளும் மற்றது நம் குசினி அலுமாரியிலும் இருக்கும். மைசூர்ப் பருப்பு 250 கிராம், செத்தல் மிளகாய் 100 கிராம், சீனி அரைக் கிலோ என்று இரண்டிலும் ஒரே வரி எழுதப்படும். ஓய்வூதியம் வருகின்ற நாளில் இரண்டையும் ஒப்பிட்டுக் கூட்டி, நான் காசைக் கொடுக்க, அவர் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். உன் காசு வந்த அன்று என் பாக்கி 11,340 ரூபாய். அது என்னால் கட்ட முடியாத கடன் அன்று. மாதம் முடியாததால் நின்ற கணக்கு.

இன்னுமொன்றை நீ கவனிக்க வேண்டும். பிஸ்கட், சவர்க்காரக் கம்பனிகளின் வான்காரர்கள் வந்தால் அவர் கைக்காசு கொடுத்தே சாமான் இறக்க வேண்டும். மொத்த வியாபாரி கொடுப்பதோ சில நாள் தவணைதான். வாடைக் காற்று எழுந்து கடல் குழம்பிவிட்டால் திருக்கடலூர்ப் பக்கத்துச் சிறு வள்ளங்கள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும்; அந்த வீடுகளின் கொப்பிகள் கார்த்திகையில் தடிக்கத் தொடங்கி, கடல் அடங்கி மீன் பிடிபட்ட பிறகே மெலியும். அதுவரைக்கும் அந்தக் குடும்பங்களுக்கு அரிசியும் மாவும் கொடுக்க அவரால் முடிகிறதென்றால், என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களும் உத்தியோகத்தரும் மாதாமாதம் நாள் தவறாமல் கட்டுகின்ற காசு அவருடைய கைக்கு வருவதே காரணம். அந்தக் காசு இன்ன நாளில் வரும் என்று கணக்குப் பண்ணித்தான் அவர் மூடைகளுக்குச் சொல்லி வைக்கிறார்.

2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற காலத்தை நீ தொலைக்காட்சியில் பார்த்தாய். நாங்கள் அதற்குள் இருந்தோம். அந்தப் பங்குனியில் 400 கிராம் பால்மாப் பக்கற்று 790 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் தட்டுகளில் இருக்கவில்லை. கிடைத்த சில பக்கற்றுகளை அவர் முன்னால் அடுக்கவில்லை; எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நோயாளி என்று நினைத்துப் பார்த்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். இரண்டு பக்கற்றுக்குக் காசை நீட்டிய ஒருவரை வெறுங்கையோடு அனுப்பியதை நானே பார்த்தேன். 2024 மார்கழியில் நாட்டரிசி கிலோ 230 ரூபாய் என்று அரசாங்கம் உச்ச விலை அறிவித்தபோது, பெரிய கடைகளின் அரிசித் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. இவரோ, கந்தளாய்க் குளத்து நீரில் விளைகின்ற தம்பலகாமத்து நெல்லை அங்குள்ள ஒரு சிறிய ஆலையில் குற்றுவித்து எடுத்து வந்தார். கல் இருந்தது; அரித்துச் சமைத்தோம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது, தனியாளான எனக்குப் பாதித் தேங்காயை உடைத்துத் தந்தவரும் அவரே. மற்றப் பாதி யாருடைய வீட்டுக்குப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவரை நான் பெரிய மனிதராக்கிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. திகதி முடிந்த பிஸ்கட் பக்கற்றை ஒருமுறை என் தலையில் கட்டிவிட்டு, திருப்பிக் கொண்டுபோனபோது எலியைக் குற்றம் சொன்னார். (எலி திகதியை மாற்றுமா என்று கேட்டேன்; சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்.) சவர்க்காரமும் பற்பசையும் சுப்பர் மார்க்கெட்டில் கழிவு விலைக்குக் கிடைக்கின்றன, குளிரூட்டிய இடத்தில் ஆறுதலாகப் பார்த்து எடுக்கலாம். நீ வந்திருந்தபோது எடுத்துத் தந்த அட்டையை மாதம் ஒருமுறை பாவிக்கிறேன், அதையும் வீணாக்கவில்லை. ஆனால் 50 கிராம் மிளகும் ஒரு துண்டுப் பெருங்காயமும் வாங்க முச்சக்கர வண்டிக்குக் காசு கொடுத்து மலையிறங்கிப் போக நான் தயாரில்லை.

உன் காசின் கதையை முடித்துவிடுகிறேன். என் பாக்கி போக 38,660 ரூபாய் அவரிடம் மிஞ்சியது. மறுநாள் காலையில் 8,660 ரூபாயைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டு, மீதி 30,000 ரூபாயையும் அரிசி மூடைகளுக்குக் கொடுத்துவிட்டதாகத் தலையைச் சொறிந்தார். ஆகவே இப்பொழுது அவர் எனக்குக் கடன்காரர். கொப்பியைத் தலைகீழாகப் புரட்டி, பின்பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அவருடைய கடனை எழுதியிருக்கிறோம். முன்பக்கத்தில் என்னுடைய புதிய கணக்கு நேற்று அரைக் கிலோ உளுந்தோடு தொடங்கிவிட்டது. இரண்டையும் ஒன்றோடொன்று கழிக்கலாமே என்று நீ கேட்பாய். வேண்டாமென்று இருவரும் தீர்மானித்தோம். அவர் மாதம் 5,000 தருவார், நான் என் கணக்கை வழமைபோலக் கட்டுவேன்.

இனி இப்படி ஏதும் செய்வதென்றால் என்னிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய். ஆடியில் நீ பிள்ளைகளோடு வரும்போது, முதல்நாள் சமையலுக்கு உன்னைத்தான் கடைக்கு அனுப்பப் போகிறேன். காசு கொண்டுபோக வேண்டாம், கொப்பியைக் கொண்டுபோ.

அன்புடன்,
அம்மா