பெரியப்பாவின் ஆபரேஷனுக்கு முன்

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பெரியப்பாவுக்கு அடுத்த மாதம் மதுரையில் பைபாஸ் என்று அறிந்தேன். இங்கே குளிர் கடுமை. கீழ்வீட்டுக் கிழவர் மட்டும் உறைபனியிலும் அரைக்கால் சட்டையோடுதான் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை, ஓட்ஸ் கஞ்சிக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஐ.சி.யூ.வில் எனக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது இங்குள்ள முறை. வாய்வழியே போகும் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இறங்குவதால், நினைவு தெளிந்தவருக்கும் குரல் எழும்பாது. தசைகள் தளர்ந்துவிடுவதால் பலருக்கு எழுதவும் கை வராது. ஆகவே ‘ஆம்’ என்றால் கையை அழுத்தச் சொல்கிறோம். வலிக்கிறதா, தாகமா என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்கும் டாக்டர்களும் உண்டு. அழுத்திய கை எதற்குப் பதில் சொன்னதென்று அவர்களுக்கே தெரியாது.

மனக்குழப்பம் உண்டா என்று அறிய, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ‘ஏ’ வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் அறியாத யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவருக்கும் அதையே செய்துவிட்டு, குழப்பம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அவருக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்ததால் உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. தொலைபேசியில் வரும் மொழிபெயர்ப்பாளர் எங்கள் கேள்வியை அவர் காதில் சேர்க்கலாம். ஓசையில்லாத பதிலை எப்படிக் கேட்பார்? என்னைக் கூப்பிட்டார்கள். “பிள்ளை, கண்ணாடி” என்றன உதடுகள். அவருடைய மூக்குக்கண்ணாடி அலமாரியில் கிடந்தது. என்னை அப்படி யாரும் அழைத்து வெகுகாலமாயிற்று, அப்பா. மருந்தறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்பினேன்.

இவ்வளவும் பெரியப்பாவுக்காகத்தான் எழுதுகிறேன். கண் விழிக்கும்போது வாயில் குழாய் இருக்கும், அதை எடுக்கும்வரை சில மணி நேரமாவது பேச முடியாது என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். பெரியம்மா பயப்படுவார் என்று மறைக்க வேண்டாம். தெரியாமல் விழிப்பவர் திகைத்துப்போய்க் குழாயைப் பிடுங்கப் பார்ப்பார். கண்ணாடியையும் காதுக் கருவியையும் பெயர் எழுதி நர்சிடம் கொடுங்கள். பெரியப்பா இடது கைக்காரர் என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் ஊசியை வலக் கையில் போடட்டும். வலி, தாகம், மூச்சு, குளிர், சிறுநீர் என்று செல்வியைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அவர் விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

செலவில் என் பங்கை இரண்டு தவணையாக அனுப்புகிறேன். இங்கே சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறு காரணமில்லை. கிணற்றுத் தோட்டத்தை அடகு வைக்கும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். அத்தை கையெழுத்துப் போடமாட்டார். காப்பீட்டு அட்டையிலும் ரேஷன் கார்டிலும் பெரியப்பாவின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சித்தப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் உடன் தங்கப்போவது யார் என்று முடிவானதும் அவருடைய செல்பேசி எண்ணை எனக்கு அனுப்பிவையுங்கள்; செல்வி எழுதும் அட்டையைப் பற்றி அவரிடம் நானே பேசுகிறேன்.

அன்பு மகள்,
ஜெயா