"கொதிக்கவைத்த" என்ற ஒரு சொல் விட்டுப்போனது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கோனில் அனோரத்தா சாலையை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்றில் தோசைக் கடை வைத்திருக்கிறேன். பழைய ஆட்கள் அந்தச் சாலையை இன்னும் பிரேசர் தெரு என்றுதான் சொல்வார்கள். காலை வியாபாரம் பத்து மணிக்கு ஓயும். அப்புறம் கல்லாவில் உட்கார்ந்து தங்கள் பத்திரிகையைப் போனில் படிப்பேன். எனக்குத் தமிழ் எழுத்து கோயில் மாலை வகுப்பில் வந்தது; பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். போன வாரம் மருத்துவப் பக்கத்தில் சைனஸ் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படித்தது கோபத்தில்.

"தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாம்" என்று ஒரே ஒரு வரி. என்ன தண்ணீர், எத்தனை உப்பு, ஒன்றும் இல்லை. அடுத்த பத்தியிலேயே கட்டுரையாளர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது, ஐயா. குடித்தால் ஒன்றும் செய்யாத ஓர் அமீபா மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடுகிறது. 2024-லும் 2025-லும் கேரளத்தில் அது வந்தபோது "மூளை தின்னும் அமீபா" என்று பெரிய எழுத்தில் போட்டது தங்கள் பத்திரிகைதான். குளத்தில் குளித்தால்தான் வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2011-ல் இறந்துபோன இரண்டு பேர் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கெண்டியில் பிடித்து மூக்கைக் கழுவியவர்கள். அரிதிலும் அரிதான நோய்தான். ஆனால் வந்தால் பிழைக்கிறவர்கள் மிகக் கொஞ்சம். தண்ணீரை ஒரு நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அந்தப் பயம் தீர்ந்தது. இதைப் போட எத்தனை இடம் ஆகும்? அரை வரி.

எங்கள் கட்டிடத்தில் தண்ணீரை மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். அந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று கேட்டால் ஆறு வீட்டுக்காரர்களும் ஆறு பதில் சொல்வார்கள். குடிக்க வாங்கும் இருபது லிட்டர் கேன் தண்ணீரைக்கூட நான் கொதிக்கவைத்துத்தான் மூக்கில் விடுகிறேன். தங்கள் வாசகர்கள் வீட்டுத் தொட்டிகள் எங்கள் தொட்டியைவிடப் பெரிதாக உசத்தி என்று நான் நம்பவில்லை.

எனக்கு இது பதினொரு வருஷத் தொல்லை. அம்மா இருந்தவரை "பீனிசம்டா இது, உங்க தாத்தாவுக்கும் இருந்தது" என்பார். மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது, சுவரெல்லாம் பூஞ்சணம். மழை விட்டால் வயல் கொளுத்தும் புகை, கரண்ட் போனதும் நடைபாதையில் வரிசையாக உறுமும் ஜெனரேட்டர் புகை. வருஷத்துக்கு நாலு தடவை, ஐந்து தடவை கன்னத்து எலும்புக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருக்கும். குனிந்து மாவுத் தூக்கை எடுத்தால் நெற்றி தெறிக்கும். சளி முன்னால் வராமல் பின்னால் தொண்டைக்குள் இறங்கும். ராத்திரி முழுக்கக் கனைத்துக்கொண்டே கிடப்பேன்.

வலியை எப்படியோ சமாளித்தேன். வாசனை போனதைத்தான் சமாளிக்க முடியவில்லை. மாவு பொங்கினதைக் கண் பார்க்கும், புளித்ததை மூக்குதான் சொல்லும். மூடியைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தால் போதும், இன்னும் ஒரு மணி நேரம் விடலாமா, உடனே ஊற்றலாமா என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு ஒரு நாள் அற்றுப்போனது. மனைவியைக் கூப்பிட்டு முகரச் சொல்வேன். ஒரு காலை தினமும் வரும் பர்மியப் பெண் ஒருத்தி, "ஊலே (மாமா), கருகுது!" என்று கத்தினாள். என் முகத்துக்கு ஓரடி தள்ளி தோசை கரியாகிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் ஙாப்பி, அதாவது மீனைப் புளிக்கவைத்த விழுது, வறுக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஙாப்பி வாசனையே தெரியாத மூக்கு என்றால் இந்த ஊரில் அது எத்தனை பெரிய வியாதி என்று இங்கே இருந்தவர்களுக்குத்தான் புரியும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. நொச்சி இலை ஆவி, விரலி மஞ்சளைச் சுட்டு அந்தப் புகை, நெற்றிக்குச் சுக்குப் பற்று. புலி மார்க் தைலம் எங்கள் ஊரில் பிறந்த மருந்து, தெரியுமோ? ஆவ் சகோதரர்கள் அதை ரங்கூனில் வைத்துத்தான் உருவாக்கினார்கள்; சிங்கப்பூருக்குப் போனது பிறகு. அதையும் தடவினேன். எல்லாம் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். அடைப்பு மறுநாள் அப்படியே இருக்கும்.

பிறகு மருந்துக் கடை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. "தலைவலி, மூக்கடைப்பு" என்று சொன்னால் போதும், நாலைந்து விதமான மாத்திரைகளைச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் போட்டுக் கொடுப்பார்கள். பேர் இருக்காது, சீட்டு இருக்காது. இரண்டு பொட்டலத்தில் மூக்கு கண்ணாடி மாதிரி திறந்துவிடும். நானும் அந்தக் கடைக்காரரைத் தெய்வம் என்றே நினைத்தேன். மூன்று வருஷம் கழித்து ஒரு டாக்டர் என் முகத்து ஊதலையும் சர்க்கரைக் கணக்கையும் பார்த்துவிட்டுச் சொன்னார், அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்று. சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021-ல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை வந்தபோது எல்லாரும் பார்த்தோம்; அதுவும் சைனஸில், அதாவது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில், வந்து உட்காருகிற பூஞ்சைதான்.

ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. மூன்று நாள் போடுவேன், குறைந்ததும் நிறுத்திவிடுவேன், மிச்சத்தை அலமாரியில் வைத்து அடுத்த தடவை எடுப்பேன். சாதாரணச் சளியோடு வரும் சைனஸ் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பத்து நாளாகியும் குறையாமல் இருந்தாலோ, குறைந்து மறுபடி ஏறினாலோதான் பாக்டீரியா என்று டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள். நான் இரண்டாம் நாளே முழுங்கியவன்.

மூக்குச் சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும். சைலோமெட்டாசோலின் என்று சின்னப் புட்டி. விட்ட ஐந்து நிமிஷத்தில் மூக்கு திறக்கும். நாலைந்து நாளைக்கு மேல் விடக் கூடாத மருந்து அது. நான் எட்டு மாதம் விட்டேன். சட்டைப் பையில் ஒன்று, கல்லாவில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. கடைசியில் மருந்து இல்லாவிட்டால் அடைத்துக்கொள்கிற மூக்காக ஆகிவிட்டது. நோய் பாதி, மருந்து பாதி. நிறுத்திய முதல் வாரம் நரகம்.

முதலில் பார்த்த காது மூக்குத் தொண்டை டாக்டர் விளக்கடித்து உள்ளே பார்த்தார், "ஆபரேஷன்" என்றார், தொகையைச் சொன்னார். தோசைக்கல்லோடு கடையையே விற்றாலும் வராத தொகை. மகள்தான், "அப்பா, இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாமவர் வயதானவர். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மூக்கைக் கழுவி, ஸ்பிரே அடித்து, ஒழுங்காக மூன்று மாதம் இருந்து பார்த்தீர்களா?" நான் எதையுமே ஒழுங்காக மூன்று வாரம் செய்ததில்லை. "அதைச் செய்துவிட்டு வாருங்கள். அப்புறம் ஸ்கேன் எடுத்து, கத்தியைப் பற்றிப் பேசலாம்."

மாத்திரைக்கும் கத்திக்கும் நடுவில் இப்படி ஒரு மெதுவான வழி இருக்கிறது. தங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போனது இதைத்தான்.

விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டும்போதே ஒரு சின்னக் குண்டானில் தண்ணீர் வைத்துவிடுவேன். கரண்டை நம்பினால் நடக்காது, கரி அடுப்புதான். கொதித்து வெதுவெதுப்பாக ஆறினதும் கால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. முப்பது வருஷமாகக் கையளவில் உப்புப் போட்டவன் நான். இதற்கு மட்டும் ஸ்பூன். முதல் நாள் கையால் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரத் துள்ளினேன். கை கழுவும் தொட்டி மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மேல் துவாரத்தில் புட்டியை வைத்து மெல்ல அழுத்தினால் கீழ்த் துவாரம் வழியாக வடியும். முதல் தடவை வந்ததை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். புட்டியையும் தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஒரு சாக்கடை.

அப்புறம் ஸ்பிரே. இதுவும் ஸ்டீராய்டுதான். பொட்டலத்தில் சூடுபட்டவன் என்பதால் நான் வாங்கவே பயந்தேன். இது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும், உடம்பில் ஏறுவது மிகக் கொஞ்சம் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் வாங்கினேன். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. முனை காதுப் பக்கம் பார்க்க வேண்டும். மூக்கின் நடுத் தண்டைப் பார்த்து அடித்து நான் இரண்டு நாள் ரத்தம் பார்த்தேன். அடித்ததும் சர்ரென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். ஒன்றிரண்டு வாரத்துக்கு எந்த மாற்றமும் தெரியாது. "காசு தண்டம்" என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். நானும் இரண்டாம் வாரம் புட்டியைத் தூக்கிப் போட்டேன். மனைவி குப்பைக் கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

ஆறாவது வாரம் ஒரு நாள் விடிகாலை. இருட்டு, கரண்ட் இல்லை. மாவுத் தூக்கின் மூடியைத் திறந்தேன். லேசாக, நாலு வீடு தள்ளி யாரோ சமைக்கிற மாதிரி, புளிப்பு. நம்பாமல் மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அன்றைக்கு யாரையும் கூப்பிடாமல் நானே ஊற்றினேன்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய். இந்த வருஷமும் இரண்டு தடவை வந்தது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்துவிட்டு வந்து படுத்தது ஒன்று. ஸ்கேனில் நடுத்தண்டு வளைவும் இடது பக்கம் சின்னதாகச் சதை வளர்ச்சியும் தெரிகிறது. ஆபரேஷன் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. மோல்மேனில் இருக்கும் மச்சினிக்குச் சதை பெரிதாக வளர்ந்து இரண்டு பக்கமும் அடைத்திருந்தது, செய்துகொண்டாள். முகத்தில் கீறல் இல்லை, துவாரம் வழியாகவே கேமராக் குழாயை விட்டுச் சைனஸ் வாசலை அகலமாக்கிவிடுகிறார்கள். இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறாள். ஆனால் அவளும் தினமும் கழுவுகிறாள், ஸ்பிரே அடிக்கிறாள், ஏனென்றால் சதை திரும்பவும் வளரக்கூடும். கண்ணும் மூளையும் பக்கத்திலேயே இருப்பதால் கைதேர்ந்தவரிடம் போக வேண்டும். கத்தி வைத்தால் ஜென்மத்துக்கும் தீர்ந்தது என்று தங்கள் கட்டுரை சொன்னது அவளைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

இன்னொன்று. எனக்குக் காய்கறி போடுகிற நண்பருக்கு வலது பக்கம் மட்டும், நாற்றத்தோடு சளி. இரண்டு வருஷம் மூக்குக்கே வைத்தியம் பார்த்தார். கடைசியில் பார்த்தால் மேல் கடைவாய்ப் பல் ஒன்றின் வேரில் சீழ். அந்தப் பல் வேர்கள் கன்னத்துச் சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்குமாம். பல்லைப் பிடுங்கி, அதற்கான மருந்தும் சாப்பிட்ட பிறகு மூக்கு அடங்கியது. ஒரே பக்கம் தொல்லை என்றால் பல் டாக்டரிடமும் ஒரு தடவை வாயைத் திறந்து காட்டச் சொல்லி எழுதுங்கள்.

என்னுடைய கணக்கு இப்போது இப்படி நிற்கிறது: வரும் மழைக்காலம் முழுவதும் கழுவலும் ஸ்பிரேயும். அதற்குள் மூன்று தடவைக்கு மேல் வந்தாலோ வாசனை மறுபடி போனாலோ, வயதான டாக்டரிடம் போய்த் தேதி கேட்பேன். தொகைக்கு மகள் சீட்டுக் கட்டிக்கொண்டு வருகிறாள்.

அடுத்த வார மருத்துவப் பக்கத்தில் சின்னக் கட்டம் ஒன்று கட்டி, மூக்கில் விடும் தண்ணீரை ஒரு நிமிஷம் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும் என்று போடுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கடும் காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தில் ஙாப்பிப் பத்தியை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தோசைக் கடைக்காரர்,
யாங்கோன், பர்மா.