நாற்பது வீட்டுக்குக் கீரை

ஒட்டன்சத்திரம்,
ஆனி 20

அன்புள்ள கண்ணுக்கு,

சென்னை பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருபது சென்ட் கிடைத்திருக்கிறது, விளைவதைக் கையில் காசில்லாத நாற்பது வீட்டுக்குக் கொடுக்கப்போகிறோம், என்ன விதைக்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் எந்தக் கிழமையில் கொடுப்பது என்று முடிவு பண்ணு. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் விதைக்கிற நாள் குறிக்க வேண்டும். ரேஷனில் அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைக்கும், காய் கிடைக்காது. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொல்லியிருக்கிறது. கூலி வராத வாரத்தில் அந்த வீடுகளில் முதலில் குறைவது அதுதான். ஒரு வாரம் கூடை கூடையாகக் கொடுத்துவிட்டு அடுத்த மூன்று வாரம் கையை விரித்தால் அவர்களுக்குப் பிரயோஜனமில்லை. கொஞ்சமானாலும் வாராவாரம் போகணும்.

கீரையில் ஆரம்பி. வீட்டுக்கு 300 கிராம் கட்டு என்றால் வாரம் 12 கிலோ. மூன்றடிக்குப் பத்தடிப் பாத்தியில் சிறுகீரை இரண்டரை கிலோவாவது வரும், ஆக வாரத்துக்கு ஐந்து பாத்தி. 25 நாளில் பிடுங்கலாம். ஒவ்வொரு வாரமும் ஐந்து பாத்தி விதைத்துக்கொண்டே வா. நான்கு வாரப் பாத்தி வளர்ந்துகொண்டிருக்கும், பிடுங்கிய ஐந்தைக் கொத்தி எரு போட்டு ஆறவிடலாம். மொத்தம் 25 பாத்தி, நடக்கிற வரப்போடு மூன்று சென்ட். எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதைப்பதுதான் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் செய்கிற தப்பு. ஒரே வாரத்தில் 60 கிலோ வந்து நிற்கும், பாதி வாடிப்போகும்.

விதையோடு பத்துப் பங்கு மணல் கலந்து தூவு. இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அடர்த்தியாக விழுந்து, ஈரம் தங்கிக் கழுத்தழுகிச் சாயும். எறும்பு விதையை இழுக்கும். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசிக் குருணை போட்டுவை, அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும். மக்கிய எரு மட்டும்தான். பச்சைச் சாணிக் கரைசலைக் கீரை இலைமேல் ஊற்றவே கூடாது, கிருமியோடு சாப்பாட்டுக்குப் போகும்.

அது பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்து நிலம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும். பாத்தியை ஓரடி உயர்த்து, வடிகாலை இப்போதே வெட்டு. போர் தண்ணீரில் உப்பு இருந்தால் இலை ஓரம் கருகும், பீன்ஸ் வரவே வராது. பாலக்கும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். இன்னொன்று முக்கியம். வழக்கமான மண் பரிசோதனையில் உப்பு, கார அமிலத்தன்மை, சத்துகள்தான் பார்ப்பார்கள். ஈயம் பார்க்க மாட்டார்கள். கட்டட இடிபாடு, பெயின்ட் சக்கை, பேட்டரி கொட்டிய இடமாக இருந்தால் ஈயத்துக்குத் தனியாகச் சொல்லி ஆய்வகத்தில் பார்த்துவிடு. பிள்ளைகள் சாப்பிடப் போகிற கீரை. சந்தேகம் தீரும்வரை அந்த மூலையில் ஒன்றும் விதைக்காதே.

வெண்டையை ஆடி முதல் வாரம் ஊன்று. நாற்பத்தைந்தாம் நாள் காய் வரும், மழை பிடிப்பதற்குள் ஆறு வாரம் பறிக்கலாம். வாரம் வீட்டுக்கு அரை கிலோ கொடுக்க மூன்று சென்ட் போதும். இலை நரம்பு மஞ்சளாகத் தெரிந்த செடியை அன்றைக்கே பிடுங்கிவிடு, வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கடத்தும். வெண்டைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு, தவறினால் நாராகிவிடும். அதனால் வாரத்தில் ஒருநாள் மட்டும் கொடுத்தால் சரிப்படாது, செவ்வாயும் சனியும் என்று வைத்துக்கொள். இடையில் பறித்ததை நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி ஓரிரு நாள் வைக்கலாம். செங்கல் சுவர் இரண்டுக்கு நடுவே ஈரமணல் கொட்டிய குளிர்பெட்டி வறண்ட ஊருக்கு அருமையானது. சென்னைக் கடற்காற்றில், அதுவும் மழை மாதத்தில், பெரிதாகக் குளிராது. அந்தச் செலவு வேண்டாம்.

கீரையைப் பறித்த அன்றே கொடுத்துவிடு. வேலைக்குப் போகிற பெண்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள் என்றால், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பறித்து ஆறரைக்குக் கொடு. நேரத்தை அவர்களிடமே கேள். வேர் மண்ணை உதறிக் கட்டினால் போதும். நனைத்துக் கட்டினால் நடுவில் சூடேறி அழுகும். வீட்டில் நன்றாகக் கழுவச் சொல்.

பையில் போட்டு நீட்டாதே. மேசையில் பரப்பி வை, வேண்டியதை அவர்களே எடுக்கட்டும். தனியாக இருக்கிற பாட்டிக்கு அரைக்கட்டு போதும், ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு வேண்டும். புழு துளைத்த வெண்டையை மேசையில் வைக்காதே, அது எருக்குழிக்கு. போட்டோ எடுக்க யாரையும் விடாதே. தோட்டத்தில் வேலை செய்தால்தான் காய் என்றும் வைக்காதே கண்ணு, முடியாதவர்களுக்குத்தான் அது முதலில் போய்ச்சேரணும். எது மிச்சமாகிறது என்று வாராவாரம் குறித்துவை. மூன்று தடவை மிச்சமானால் அடுத்த விதைப்பில் குறைத்துவிடு.

சிறுகீரை, அரைக்கீரை, வெண்டை விதை பஸ் பார்சலில் வருகிறது. அரைக்கீரையைத் தனிப் பாத்தியில் போடு. அதைப் பிடுங்காமல் தரையிலிருந்து இரண்டு விரல் விட்டு அறு, பத்து நாளில் திரும்பத் தழைக்கும்.

அன்புடன்,
அம்மா