அரசுச் சின்னத்தின் கோபுரம் எது? 1949ஆம் ஆண்டுக் கோப்பினை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு ஆவணக் காப்பகம்,
எழும்பூர், சென்னை.

பொருள்: தமிழ்நாடு அரசுச் சின்னத்தின் மூல ஓவியத்தையும் அது தொடர்பான கோப்பினையும் தேடி வெளியிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

சாதிச் சான்றிதழ் முதல் குடும்ப அட்டை வரை நம் கைக்கு வரும் தாள்களில் ஒரு கோபுரம் நிற்கிறது. அதன் முன்னே அசோகரின் சிங்கத் தூண், இருபுறமும் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'. அந்தக் கோபுரம் எங்கள் ஊர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் என்று சொல்லித்தான் நான் வளர்க்கப்பட்டேன். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். பாண்டியன் அவையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் எழுப்பிய கோபுரம் என்பது எங்கள் ஐதீகம்.

ஆனால் சின்னத்தை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்தே வரைந்தார் என்று வேறொரு தரப்பினர் உறுதியாகச் சொல்கிறார்கள். மதுரைக் கோபுரங்களில் சுதைச் சிற்பங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். எங்கள் கோபுரத்தில் அவை மிகக் குறைவு. சின்னத்தில் இருப்பதும் சிற்பமற்ற கோடுகள்தாம். இதை எங்களுக்குச் சாதகமாக நானே பலமுறை வாதிட்டிருக்கிறேன். ஆயினும் முத்திரை அளவுக்குச் சுருக்கும்போது எந்த ஓவியனும் சிற்பங்களை விட்டுவிடுவான். அது சான்றாகாது என்று என் தொழிலே எனக்குச் சொல்கிறது.

இந்தச் சின்னம் ஏற்கப்பட்ட 1949இல் ஏப்ரல் வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்தவர் ஓமந்தூரார். அவருக்குப் பின் வந்த குமாரசாமி ராஜா எங்கள் பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்காரர். அதை வைத்தும் இங்கே பல கதைகள் உலவுகின்றன. அவற்றை நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் ஒரு பிள்ளை "எதில் எழுதியிருக்கிறது, ஐயா?" என்று கேட்டபோது என்னிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

ஆகவே, மூல ஓவியம், அதற்கான கடிதப் போக்குவரத்து, ஒப்புதல் ஆணை ஆகியவற்றைத் தங்கள் காப்பகத்தில் தேடச்செய்து, எவரும் பார்க்கும் வகையில் வெளியிட வேண்டுகிறேன். கோப்பு கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். விடை மதுரை என்று வந்தாலும் நான் ஏற்பேன். என் பழைய மாணவர்களிடம் திருத்திச் சொல்வேன். நகல் கட்டணத்தைச் செலுத்துகிறேன். நேரில் வரச் சொன்னால் எழும்பூருக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.