ஸ்பொக்கின் அக்கா

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்ததும் அம்மா கேட்டாள், "நீங்களும் மகளும் எந்தக் காணிக்காக இந்தச் சண்டை பிடிக்கிறீர்கள்?" என்று. ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரில் ஸ்பொக் என்று ஒருத்தர், அவருடைய அக்காவைப் பற்றிய வழக்கு என்றேன். "எந்த ஊர் ஆட்கள்?" என்றாள். வல்கன் என்ற கிரகம் என்று சொன்னால் அது எந்தப் பக்கம் என்று கேட்பாள். பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் சொல்லவந்தது போனில் முடியவில்லை. நீ ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம், இடையில் பேரன் தன் பொம்மைக் கப்பலைக் கமராவுக்கு முன்னால் ஓட்டுகிறான். கடிதம் என்றால் யாரும் குறுக்கே வரமாட்டீர்கள். எழுதியதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடச் சொல்கிறாள் அம்மா. மாட்டேன், தபாலில்தான் வரும். நாற்பது வருஷம் காத்திருந்த விஷயம் இன்னும் மூன்று கிழமை காத்திருக்கும்.

திருகோணமலைக் கிழவனுக்கு விண்வெளிக் கதையில் என்ன வேலை என்று மருமகன் சிரித்தார். அவருக்குச் சொல், விஞ்ஞானக் கதை எழுதிய ஆர்தர் கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் 1956இல் நம் சுவாமிமலை அடியில் மூழ்கித்தான் பழைய கோணேசர் கோவிலின் கற்களைக் கண்டார்கள். எங்களுக்கும் அந்தப் பக்கத்தோடு கொஞ்சம் கொடுக்கல் வாங்கல் உண்டு. போன மார்கழியில் ஸ்காபரோவில் உங்கள் வீட்டு பேஸ்மென்டில், இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, நீ போட்டுக் காட்டிய எல்லாவற்றையும் பார்த்தேன். ஸ்பொக்கும் அக்காவும் வரும் டிஸ்கவரித் தொடரை ரொறன்ரோவில் எடுத்தார்கள், அடுத்த தொடரைப் பக்கத்து மிசிசாகாவில் எடுத்தார்கள் என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்ச் சனத்தில் பாதி வந்து இறங்கிய இடத்திலிருந்தா இவர்கள் விண்வெளிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள்!

சரி, முதலில் முகங்களின் வழக்கு.

உன் கட்சி எனக்கு விளங்குகிறது. ஸ்பொக் என்றால் லெனார்ட் நிமோய்தான், 2015இல் அவர் கண்ணை மூடியதோடு அந்தப் பாத்திரத்தையும் விட்டிருக்க வேண்டும், புதுத் தொடர்களில் நடித்த ஈதன் பெக் நல்ல பிள்ளைதான் ஆனால் தாடி வைத்த வேறு யாரோ என்கிறாய். கதை நன்றாக இருந்தால் முகம் எதற்கு என்பது மருமகன் கட்சி. இதில் நான் மருமகன் பக்கம். அவரிடம் சொல்லிவிடாதே, தலை கனத்துவிடும்.

உனக்குக் காத்தவராயன் கூத்தைக் காட்டாமல் வளர்த்தது எங்கள் பிழை. நீ வளர்ந்த காலத்தில் இரவிரவாக யார் வெளியில் இருந்தார்கள்? நான் பத்து வயதில் என் அம்மம்மாவின் பாயில் படுத்துக்கிடந்து பார்த்தேன். அதில் ஒரே ஆள் விடியும்வரை காத்தவராயனாக ஆடுவதில்லை. ஆதிக் காத்தான் ஒருவர், பின் காத்தான் இன்னொருவர், இடையிலும் ஆள் மாறும். அன்றைக்கு முதலில் வந்தவன் மீசை முளைக்காத ஒல்லிப் பையன். நடுச்சாமத்துக்குப் பிறகு வந்தவர் எங்கள் ஒழுங்கையில் சைக்கிளில் மீன் விற்கிறவர், வயிறு அவருக்கு முன்னால் மேடைக்கு வந்தது. "இது வேறு ஆள்" என்று அம்மம்மாவைச் சுரண்டினேன். "ஆள் வேறு, காத்தான் அதே காத்தான். பாட்டைக் கேள்" என்றார் அவர். கேட்டேன். அதே சிந்து, அதே இழுவை. கொஞ்ச நேரத்தில் அந்த வயிறு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஈதன் பெக்கிடமும் நான் அந்தச் சிந்தைத்தான் கேட்டேன். கேள்வி வந்ததும் பதில் சொல்லாமல் ஒரு கணம் நிற்பது, முகம் முழுக்கச் சும்மா இருக்கப் புருவம் மட்டும் வேலை செய்வது. அது போதும் எனக்கு.

ஆள் மாற்றம் என்ன, நேற்று வந்த வியாதியா? நீயே சொன்ன கதைதானே. 1964இல் முதல் மாதிரிப் படம் எடுத்தபோது என்டர்பிரைஸ் கப்பலின் கப்டன் பைக்காக நடித்தவர் ஜெஃப்ரி ஹண்டர். தொலைக்காட்சிக்காரர்கள் அது சரிவராது, இன்னொன்று எடுங்கள் என்றார்கள். ஹண்டர் திரும்பி வரவில்லை. கப்டன் நாற்காலியில் கேர்க் என்ற புதுப் பெயரோடு வில்லியம் ஷாட்னர் வந்து உட்கார்ந்தார். 1966இல் அந்தப் பழைய படச்சுருளைத் தூசி தட்டி இரண்டு பாகக் கதையாக்கியபோது, விபத்தில் முகம் சிதைந்து சக்கர நாற்காலியில் இருக்கும் பைக்காக நடித்தவர் ஷான் கென்னி. ஆகத் தொடர் தொடங்கிய வருஷத்திலேயே ஒரு பைக்குக்கு இரண்டு ஆள். இன்றைக்குப் பைக்காக வரும் அன்சன் மவுண்ட்டை நீயே தலையில் வைத்து ஆடுகிறாய். மார்க் லெனார்ட் கதை அதற்கு எதிர்ப்பக்கம். 1966இல் ரோமுலன் என்ற எதிரி இனத்தின் தளபதியாக வந்து செத்துப்போனவர், அடுத்த வருஷம் ஸ்பொக்கின் அப்பா சரெக்காக வந்து நின்றார். அது கூத்தில் நடக்கிறதுதான். அரசனாகச் செத்தவர் விடியப்புறம் கட்டியகாரனாக வருவார்.

கேர்க் விஷயத்தில் மட்டும் உன்னோடு பாதி ஒத்துப்போகிறேன். புதுக் கேர்க்காக வரும் போல் வெஸ்லி கெட்டிக்காரர். ஆனால் ஷாட்னரின் கேர்க்குக்குள் ஒரு சண்டியன் இருந்தான். இவர் கடன் விண்ணப்பத்தைப் பார்க்கிற பாங்க் மனேஜர் மாதிரி வந்து நிற்கிறார். போகப்போகப் பழகலாம்.

அப்புறம், முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை என்றாய். பைக்குக்குத் தன் கதி தெரியும், நமக்கும் 1966இலிருந்தே தெரியும், பிறகு எதற்கு மினக்கெட்டு ஒரு முன்கதை? மகள், காத்தான் கழுவேறப்போகிறான் என்று தெரியாமல் எங்கள் ஊரில் யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்களா? தெரிந்துதான் போனார்கள். விடிகிற நேரம் அவன் ஒவ்வொரு படியாகப் பாடிப் பாடி ஏறும்போது, போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அழுத அதே இடத்தில் அதே பெண்கள் அழுதார்கள். 2022இல் வந்த பைக்கின் தொடரில் முதல் பருவத்துக் கடைசிப் பாகம் எனக்குப் பிடித்தது அதனால்தான். விபத்திலிருந்து தப்பிக்க வழி பார்க்கிறார். எதிர்காலத்திலிருந்து அவரே கிழவனாக வந்து, நீ தப்பினால் ரோமுலன்களோடு பெரும் போர், ஸ்பொக் குற்றுயிராகிவிடுவான் என்று காட்டுகிறார். திரும்பி வந்து தன் விதியை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். அதுவும் கழுமரம்தான்.

கோட்டை வாசலில் உள்ள கல் நினைவிருக்கிறதா? மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுக்கப் போகும்போது உனக்குக் காட்டியிருக்கிறேன். முன்னே குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் கல். 1624இல் பறங்கியர் கோவிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இது நடக்கமுன் எழுதியதா, நடந்த பிறகு யாரோ முன்தேதி போட்டு எழுதியதா என்று நானும் என் கூட்டாளிகளும் அந்த வாசலில் நின்று வாதாடியிருக்கிறோம். முன்கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கல் வெட்டியவரின் தொழிலைத்தான் செய்கிறார்கள்.

இனி, நீயும் மருமகனும் சத்தம் போட்ட அந்த டிஸ்கவரித் தொடரின் 2019 ஏப்ரல் பருவக் கடைசிப் பாகம். டிஸ்கவரி என்ற கப்பலை எதிரி கையில் கொடுக்காமல் 930 வருஷம் தள்ளி எதிர்காலத்துக்கு அனுப்புகிறார்கள். அதில் அந்தக் கதவு இருக்கிறதே, அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். என்டர்பிரைஸின் உடலில் வெடிக்காத குண்டு ஒன்று குத்தி நிற்கிறது, அறையை மூடும் பிடி அறைக்கு உள்ளே இருக்கிறது. அட்மிரல் கோர்ன்வெல் உள்ளே நின்று பிடியை இழுத்து உயிரை விடுகிறார். கதவுக்கு மறுபக்கம் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்ற பைக்குக்கு ஒரு கீறல் இல்லை. நான் துறைமுகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். அப்படிப் பிடியை உள்ளே வைத்து எவனும் கதவு கட்டமாட்டான். அந்த அம்மாவைச் சாகடிக்க வேண்டும் என்று எழுதினவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், கதவு பிறகு வந்தது.

ஆனால் மௌன சத்தியத்தில் நான் உன் பக்கம் இல்லை. கப்பல் போன பிறகு ஸ்பொக்கே மேலிடத்துக்குச் சொல்கிறார்: டிஸ்கவரியைப் பற்றி, அதன் ஆட்களைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் தேசத்துரோகம். மைக்கல் பேர்னம் என்ற அவருடைய வளர்ப்பு அக்காவின் பெயரும் அதோடு போகிறது. பழைய தொடரின் 79 பாகத்திலும் ஸ்பொக் ஏன் ஒருதரமும் அக்கா என்று சொல்லவில்லை என்று ரசிகர்கள் இரண்டு வருஷமாகக் கேட்டதற்குப் போட்ட ஒட்டு இது என்றாய். ஒட்டுத்தான். ஆனால் அந்த ஆளைப் பார். 1967இல் சரெக்கும் மனைவியும் கப்பலில் வந்து ஏறுகிறார்கள், அவர்கள் தன் அப்பா அம்மா என்று கேர்க்கிடம் ஸ்பொக் அதுவரை சொல்லவில்லை. 1989இல் வந்த படத்தில் சைபொக் என்று ஓர் அண்ணன் திடீரென முளைக்கிறார். அவரைப் பற்றியும் மூச்சு விட்டதில்லை.

இவ்வளவும் நான் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ கடைசியில் ஒன்று கேட்டாய், அதோடு என் வாய் அடைத்துவிட்டது. "அப்பா, எந்தக் குடும்பமாவது கூடப்பிறந்த ஒருவரைப் பற்றி ஆயுள் முழுக்கக் கதைக்காமல் இருக்குமா? நம்பக்கூடியதாகவா இருக்கு?" என்றாய்.

உனக்கு எட்டு வயது இருக்கும். அலுமாரியில் அப்பம்மாவின் சேலைக்கு அடியில் ஒரு படத்தை எடுத்துவந்து இது யார் என்று கேட்டாய். அம்மா "ஊரில் யாரோ" என்று சொல்லி வாங்கி வைத்தாள். நானும் அங்கே நின்றேன்.

அவர் உன் பெரியப்பா. எனக்கு இரண்டு அக்காமார் மட்டும்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு நான்கு வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். 1985 பங்குனியில் ஒரு நாள் காலை, மூதூருக்குப் போய்விட்டுப் பின்னேர லாஞ்சில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் லாஞ்ச் வந்தது. அடுத்த நாளும் வந்தது. எங்கே போனார், யாரோடு போனார், போனாரா கொண்டுபோனார்களா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அப்பம்மா எங்களை அடுப்படியில் இருத்திச் சொன்னார். யார் கேட்டாலும் இந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். தெருவில் கேட்டாலும், வேலையிடத்தில் கேட்டாலும், சென்ட்ரியில் கேட்டாலும் மூன்று. கடைசி ஆண்பிள்ளையும் தனக்கு வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் வீட்டில் இல்லை. முதலில் பயத்தில் சொல்லவில்லை. பயம் போன பிறகு, யார் முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் அப்பம்மா வருஷத்துக்கு ஒரு நாள் கோணேசர் கோவிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்வார். நீயும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறியிருக்கிறாய். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால், "உத்தராடம்" என்று மட்டும் சொல்வார். நம் வீட்டில் யார் உத்தராடம் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. குழந்தைதானே.

அந்தக் கடைசிப் பாகத்தின் முடிவில் ஸ்பொக்குக்குத் தூரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிகிறது. போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று அக்கா அனுப்பியது. அதைப் பார்க்கும்போது ஸ்பொக் தாடியை வழித்து, நீலச் சட்டை போட்டு, என்டர்பிரைஸில் வேலைக்கு வந்திருக்கிறார். நீயும் மருமகனும் பழைய ஸ்பொக் வந்துவிட்டார் என்று கைதட்டினீர்கள். நான் எழும்பி மேலே போனேன், குளிர் என்று சொல்லி. உன் தாத்தா மூன்று மாதம் தாடியோடு திண்ணையில் இருந்தார். பிறகு ஒரு நாள் காலை கண்ணாடியை யன்னலில் சாத்தி வைத்து வழித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவருக்கு வெளிச்சம் ஒன்றும் வரவில்லை.

அந்தப் படம் இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. மடிக்காமல் கவனமாக எடு, ஓரம் ஏற்கனவே உக்கிப்போயிற்று. மருமகனிடம் காட்டிப் பார், அந்தப் புருவம் உங்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று அவரே சொல்வார்.

பெயரை எழுதவில்லை. எழுதத்தான் உட்கார்ந்தேன், கை போகமாட்டேன் என்கிறது. வாயால் சொல்லிவிடலாம் போல இருக்கிறது. இது கிடைத்ததும் போன் எடு, இங்கே காலை நேரமாகப் பார்த்து.

அன்புடன்,
அப்பா